பரணில் கிடக்கும் வால்வு ரேடியோ

கேள்வி: தாத்தா காலத்து வால்வு ரேடியோ பரணில் கிடக்கிறது. “பெட்டி வேண்டாம், வால்வுகளை மட்டும் கொடுங்கள்” என்கிறார் சென்னை ஆடியோ பிரியர் ஒருவர். கொடுக்கலாமா? – ஒரு வாசகர், பாம்பன்.

பதில்: “பெண் வேண்டாம், நகையை மட்டும் அனுப்புங்கள்” என்று கேட்கும் சம்பந்தியாக அல்லவா இருக்கிறார்! ஆனால், விவரம் தெரிந்தவர். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் மல்லார்ட் நிறுவனம் தயாரித்த இ.எல்.84 போன்ற வால்வுகளை ஆம்ப்ளிஃபயர் பிரியர்கள் உலகமெங்கும் தேடுகிறார்கள். பழைய ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை முழங்க வைத்தது அந்த வகை வால்வுதான்.

உங்கள் கரையில் அந்தப் பெட்டிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். அறிவிப்பாளர்கள் பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா குரல்களோடு இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சுபோல வந்து சேர்ந்த ஊர்கள் உங்களுடையவை.

ஆசையில் உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். உப்புக்காற்றில் இணைப்புகள் அரித்திருக்கும். பழைய காகிதக் கண்டென்சர்கள் கசியும். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடும். வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து கண்டென்சர்களை மாற்றுங்கள். வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

விற்றே ஆகவேண்டுமென்றால் முழு ரேடியோவாக விற்றுவிடுங்கள். பிரித்துக் கொடுக்காதீர்கள்.