வேலையை விட்ட தசைச் செல்

கேள்வி: ரத்தக் குழாயில் கொலஸ்ட்ரால் படியும்போது, குழாய்ச் சுவரில் உள்ள தசை வேடிக்கைதான் பார்க்குமா?

பதில்: வேடிக்கை பார்த்தாலாவது பரவாயில்லையே, எடுத்து விழுங்கிவிடுகிறது! தமனியின் நடுச்சுவரில் இருக்கும் தசைச் செல்களுக்குச் சுருங்குவதும் தளர்வதும்தான் உத்தியோகம். கொலஸ்ட்ரால் சுவருக்குள் புகுந்து தங்கிவிட்டால், சில செல்கள் அந்த உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டு உட்பக்கமாக நகர்ந்து, பெருகி, கொழுப்பைத் தின்று நுரையாக உப்பிவிடுகின்றன. இந்த நுரைச் செல்கள் வெள்ளணு வம்சம் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். மனித இதயத் தமனிகளைப் பரிசோதித்து 2014-இல் வெளியான கனடா ஆய்வோ, ஏறக்குறையப் பாதி தசைச் செல் வம்சம் என்றது. எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

அடுத்தது தமனிச் சுவரின் விறைப்பு; இதிலும் தசைச் செல்லுக்குப் பங்கு உண்டு. வயது ஏற ஏற, சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் நார்கள் நைந்து, கெட்டியான கொலாஜன் நார்கள் கூடுகின்றன. தசைச் செல், தான் பற்றியிருக்கும் இடத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். இடம் கெட்டியானால் தானும் முறுக்கேறி, இன்னும் கொலாஜனைச் சுரக்கும். சுவர் மேலும் விறைக்கும். இதை அளக்கவும் வழி உண்டு: கழுத்துக்கும் தொடைக்கும் இடையே நாடித்துடிப்பின் அலை வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டி ஓடினால் தமனி விறைத்துவிட்டது என்று கொள்கிறார்கள். ஓட்டத்தில் வேகம் கூடினால் நாம் வருத்தப்பட வேண்டிய பந்தயம் இது ஒன்றுதான்!