ஹாட்ஸ்பாட் அண்ணன்

ஏரிப் பாசன ஊர்களின் மக்களை நிலமுடையோர், குத்தகைக்காரர், கூலி வேலைக்குச் செல்வோர், ஒரகடத்துத் தொழிற்சாலை வேன் ஏறுவோர் என்று வகைப்படுத்தும் சமூகவியலாளர் இதுவரை கணக்கில் சேர்க்காத ஒரு வகையினர், உத்திரமேரூர்–காஞ்சிபுரம் சாலையிலுள்ள திருப்புலிவனம் போன்ற சிற்றூர்களில் ஊருக்கு ஒருவரேனும் காணப்படுகின்றனர். இவரை ஊரார் ‘ஹாட்ஸ்பாட் அண்ணன்’ என்பர். ஹாட்ஸ்பாட் என்பது ஒரு கருவி தனக்குக் கிடைத்த இணையத்தை வைஃபை அலைகளின் வழியே அருகிலுள்ள பிற கருவிகளுக்கும் பகிர்வதாகும். வீட்டுக்கு ஒயரில் வரும் இணையத்தை, லினக்ஸ் இயங்கும் பழைய மடிக்கணினியின் வழியாகவே பகிர்ந்து தீருவது என்று இவர் விரதம் பூண்டிருக்கிறார். அவ்விரதம் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கி, தெருநாய்களும் உறங்கிய பின்னரே முடிகிறது.

இவ்வகையினரின் தோற்றுவாயை ஆராய்வோர், 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை வந்தடைவர். மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. உடன் படித்தவர்கள் பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் விஜய் படங்களையும் அஜித் படங்களையும் நிரப்பிக்கொண்டிருக்க, இவர் மட்டும் படங்களை அழித்து லினக்ஸுக்கு இடம் பெருக்கினார். அன்று உறவினர் கவலைப்பட்டனர், இன்று பழகிவிட்டனர்.

இவருடைய சட்டைப் பையிலுள்ள கைப்பேசியில் ஒரு தொடலில் ஹாட்ஸ்பாட் வந்துவிடும் என்பதை எவரும் இவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் எல்லோரும் சொல்கின்றனர். கைப்பேசி தான் ஏன் வேலை செய்கிறது என்று சொல்வதில்லை, நின்றுபோனால் ஏன் நின்றது என்றும் சொல்வதில்லை என்பதே இவருடைய மறுமொழி. லினக்ஸோ நின்றுபோகும்போதெல்லாம் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதி வைக்கிறது. ‘டிமெசேஜ்’ என்ற கட்டளையை இட்டால், இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் தான் விழித்தெழுந்த நொடிமுதல் கண்ட குறைகளையெல்லாம் வரிசையாக ஒப்பிக்கும். வீட்டார் சொல்லும் குறைகளை ஒரு வரிக்கு மேல் கேளாத இவர், அந்தப் பட்டியலை ஆதியோடந்தமாக இருமுறை வாசிப்பார்.

சிக்கலின் வேர் பெரும்பாலும் டிரைவரில் இருக்கும். டிரைவர் என்பது வன்பொருளுக்கும் கெர்னலுக்கும் நடுவே நின்று பேச்சு நடத்தும் நிரல். வைஃபை அட்டை பிறருடைய வைஃபையில் போய் இணைவதற்கு ஒரு முறைமையும், பிறரைத் தன்னோடு இணைத்துக்கொள்வதற்கு ‘ஏபி’ எனப்படும் வேறொரு முறைமையும் உண்டு. இந்த இரண்டாவது பதவிக்கு எல்லா அட்டைகளும் எல்லா டிரைவர்களும் தகுதி பெறுவதில்லை. பதவி தருவதற்கு முன் தகுதி பார்ப்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதப்படுபவர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவராய் இருக்க வேண்டும் என்றும், முன்பு வாரியத்தில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாதென்றும் விதிக்கிறது. ஹாட்ஸ்பாட் அண்ணன் ‘ஐடபிள்யூ லிஸ்ட்’ என்ற கட்டளையை இட்டு, அட்டை அறிந்த முறைமைகளின் பட்டியலில் ஏபியைத் தேடுவதும் அம்மரபில் வந்ததே. ஏத்தெரோஸ் அட்டைகளுக்கான ‘ஏத்9கே’ டிரைவர் இத்தேர்வில் தேறிவிடும். பிராட்காம் அட்டைகளுக்கான ‘டபிள்யூஎல்’ என்னும் மூடிய டிரைவர், ஏபி முறைமையையும் தராமல், உள்ளே நடப்பதற்குக் கணக்கும் காட்டாமல் இருப்பதால், பராந்தகன் காலமாயிருந்தால் உறவினர்களோடு தள்ளுபடியாகியிருக்கும்.

தகுதி உறுதியான பின்னரே இரவின் முக்கியப் பகுதி தொடங்குகிறது. அட்டையை ஹாட்ஸ்பாட்டாக மாற்றும் ‘ஹோஸ்ட்ஏபிடி’ என்ற நிரல், டிரைவரின் முறைமையை அமைக்க முடியவில்லை என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டு நின்றுவிடும். ஊரார் இதைக் கெட்டுப்போச்சு என்று முடித்துக்கொள்வர்; அண்ணனோ ‘நெட்வொர்க்மேனேஜர்’ என்ற மற்றொரு நிரல் அதே அட்டையைப் பிடித்துவைத்திருப்பதைக் கண்டறிந்து, அதன் வைஃபையை அணைத்துவிடுவார். அணைத்ததும் அட்டையின் அலைபரப்பே பூட்டிக்கொள்ளுமாதலால், ‘ஆர்எஃப்கில்’ கட்டளையால் அப்பூட்டைத் திறப்பார். இப்போது வைஃபையின் பெயர் கைப்பேசிகளில் தெரியும், ஆனால் இணைந்தவருக்கு ஐபி முகவரி கிடைக்காது. முகவரி வழங்க வேண்டிய ‘டிஎன்எஸ்மாஸ்க்’ இன்னும் எழுந்திருக்கவில்லை. அதை எழுப்பினால் முகவரி வரும், இணையம் வராது. ஒயரில் வருவதை வைஃபைக்குக் கடத்த கெர்னலிடம் அனுமதி வாங்க அண்ணன் மறந்திருப்பார்.

இவ்வேளையில் மின்கட்டணம் கட்ட வந்து திண்ணையில் காத்திருக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் உரையாடல் ஆவணப்படுத்தத் தக்கது.

“இன்னா தம்பி, நெட்டு வந்துச்சா?”

“வந்துடுச்சு பெரியம்மா, பொட்டி வரைக்கும் வந்துடுச்சு. வெளிய வர்றதுக்குத்தான் ஒரு எரர் காட்டுது. அஞ்சே நிமிஷம்.”

“போன வாட்டியும் அஞ்சு நிமிஷம்னுதான சொன்ன? ஈபிக்காரன் வந்து ஃபீஸப் புடுங்கினு போய்ட்டான்னா, உன் அஞ்சு நிமிஷத்த வெச்சா நான் வெளக்கு ஏத்துறது?”

அண்ணன் தலை நிமிராமலே, இந்த ஒரு எரரை மட்டும் பார்த்துவிடுவதாக உறுதி கூறுவார். பெரியம்மாவின் பேரன் அதற்குள் திண்ணையின் மறுகோடியில் தன் கைப்பேசியிலேயே பணத்தைக் கட்டி முடித்திருப்பான். அதை அண்ணனிடம் சொல்லாமல் இருவரும் மேலும் சிறிது நேரம் காத்திருப்பது ஊர் நாகரிகம்.

இவரைத் தனிமனிதக் கோளாறாக மதிப்பிடுவது பிழையாகும். இவருடைய பங்காளிகள் உலகெங்கும் உள்ளனர். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று, தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்ததிலிருந்து அவ்வம்சம் தழைக்கிறது. பிராட்காம் தன் அட்டைகளுக்கு லினக்ஸ் டிரைவரைத் திறந்து தராத காலத்தில், அதன் மூடிய டிரைவரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்ந்து ‘பி43’ என்ற திறந்த டிரைவரை எழுதியவர்கள் இத்தகைய பிடிவாதக்காரர்களே. அந்நிறுவனம் 2010இல்தான் தானே ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது. ஊர்த் திண்ணையில் கிடைக்காத அனுதாபம் நம் அண்ணனுக்குக் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் கிடைக்கிறது. அங்கே அவர் எரரைச் சொல்லத் தொடங்கினால், கேட்பவர்கள் எழுந்து போகாமல் கெர்னல் எந்தப் பதிப்பு என்று கேட்கின்றனர்.

நள்ளிரவை ஒட்டி ஹாட்ஸ்பாட் இயங்கத் தொடங்கும். வைஃபை கடவுச்சொல் 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இருக்கலாம் என்பது விதி. பாதுகாப்பில் சமரசம் அறியாத அண்ணன் மேல் வரம்பை ஒட்டியே ஒன்றை அமைப்பதால், அதைப் பிழையின்றித் தட்டி முடிப்பவர் இவர் ஒருவரே. மறுநாள் காலையில், கெர்னலின் புதிய பதிப்பு வந்திருப்பதாகக் கணினி அறிவிக்கும். வெளியிலிருந்து சேர்த்த டிரைவரைப் புதிய கெர்னலுக்கேற்ப மீண்டும் தொகுக்காவிட்டால் வைஃபை மறுபடியும் படுத்துக்கொள்ளும் என்பதை ஊரில் இவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அறிந்தும் இவர் சம்மதம் தந்துவிடுவார். பெரியம்மாவுக்கு வேண்டியது இணையம், இவருக்கு வேண்டியது கணக்கு, ஒழுங்காக ஓடும் கணினியோ ஒரு கணக்கும் சொல்வதில்லை.