வந்துராதீக, பேராண்டிகளா!

ஏப்பா பேராண்டிகளா, அந்தச் செல்போனைச் செத்த நேரம் கீழ வச்சுட்டுக் கேளுங்க. இளவட்டம் யாரும் கிராம சபைக்கு வர்றதில்லைன்னு அதிகாரிக புலம்புறாக. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கெடையாது. நீங்க வராம இருக்குற வரைக்கும்தான் எங்கள மாதிரிக் கெழடுகளுக்கு மரியாதை. பந்தல் நெழல்ல நாற்காலி, கையில டீ. சாக்கடை எந்தத் தெரு வரைக்கும் போகணும், எந்தத் தெரு முக்குல நிக்கணும்னு நாங்களே பேசி முடிச்சுட்டு மத்தியானச் சோத்துக்கு வீடு வந்து சேந்துருவோம். அந்தச் சொகத்தைக் கெடுத்துப்புடாதீக.

அரசாங்கம் ஒங்களைக் கூப்பிடாம ஒண்ணும் இல்ல. முன்னெல்லாம் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2-ன்னு வருசத்துக்கு நாலு கூட்டம். 2022-ல மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டையும் சேத்து ஆறாக்கிட்டாக. கட்சி அட்டை வேணாம், சிபாரிசு வேணாம், ஊர் வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தாப் போதும். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் சீமையில பூட்டே போடாத கதவு ஒண்ணு உண்டுன்னா, அது இதுதான். ஆனாலும் உள்ள வர ஒங்களுக்கு நேரம் ஏது? அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு என்ன வரி போட்டான்னு கேட்டா மூச்சு விடாம சொல்றீக. நம்ம வீட்டுக்கு வீட்டு வரி எவ்வளவுடான்னா, 'அப்பாவைத்தான் கேக்கணும்'ங்குறீக.

எங்க காலத்துல ஓட்டுப் போட 21 வயசு ஆகணும். 1973-ல திண்டுக்கல் இடைத்தேர்தல்ல மாயத்தேவர் ரெட்டை இலையில நின்னு ஜெயிச்சாரே, அப்ப எனக்கு ஓட்டு கெடையாது. ஆனா தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனேன். 1989-ல வயசை 18-ஆக் கொறைச்சாக. இப்ப 17 முடிஞ்சாலே விண்ணப்பத்தைப் போட்டு வைக்கலாமாம். ஓட்டில்லாமக் கத்துனவிக நாங்க. ஓட்டை வச்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டிருக்குற சமத்துப் பிள்ளைக நீங்க. நல்லா இருங்க.

இருந்தாலும் 2017 தை மாசத்தை நெனச்சா எனக்கு இன்னமும் அடிவயிறு கலங்குது. ஜல்லிக்கட்டு மாட்டுக்காக மெரினாவுலயும் மதுரை தமுக்கத்துலயும் ராப்பகலா உக்காந்தீக. சனவரி 23-ந் தேதி சட்டசபையில சட்டமே வந்துருச்சு. எந்திரிக்காம உக்காந்தா நடக்கும்னு ஒங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. அந்த வித்தையை ஊருக்குள்ள காட்டிராதீகப்பா. காளைக்கு உக்காந்த மாதிரி கம்மாய்க்கும் ஒரு மணி நேரம் உக்காந்தீகன்னா, கரையில வேலி போட்டுத் தென்னை வச்சவன் கதி என்ன ஆகுறது?

போன கூட்டத்துக்கு ஒரு காலேஜ் பிள்ளை வந்துச்சு. ஊராட்சி வரவு செலவை வாசிங்கன்னுச்சு. நாங்க சும்மா விடுவமா? யாரு மகன்னு கேட்டோம். எந்தத் தெருன்னு கேட்டோம். எப்பக் கல்யாணம்னு கேட்டோம். கணக்கைத் தவிர எல்லாத்தையும் கேட்டோம். அது மறுபடி இந்தப் பக்கம் வரல. நீங்க வராததுக்குப் பாதிக் காரணம் திருப்பூர் கம்பெனியும் வேடசந்தூர் நூல்மில்லு ஷிப்டும்னா, மீதிப் பாதி 'எந்தத் தெரு'ங்குற அந்தக் கேள்விதான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானப்பா கேக்குறோம்.

அந்தப் பிள்ளை கேட்டது நாயம்தான். ஊராட்சித் திட்டத்துக்கும் வருசச் செலவுக்கும் தலையாட்ட வேண்டியதே கிராம சபைதான்னு 1994-ஆம் வருசத்து ஊராட்சிச் சட்டம் சொல்லுது. இதைச் சொல்லிக்குடுக்கவும் பக்கத்துலயே இடம் உண்டு. சின்னாளபட்டிக்குப் பக்கத்துல டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல காந்திகிராமத்தைத் தொடங்குனாக. கிராமத்தையே பாடமா நடத்துற பல்கலைக்கழகம் அங்க இருக்கு. அங்க பேராசிரியரா இருந்த க. பழனித்துரை பஞ்சாயத்தைப் பத்தியே புத்தகம் புத்தகமா எழுதிருக்காரு. இத்தனையும் பஸ்சு ஏறுனா வந்துருற தூரத்துல இருந்தும் நீங்க வர்றதில்லைன்னா, எங்களுக்கு வேற என்ன பாக்கியம் வேணும்?

இன்னொண்ணு. 2019 டிசம்பர்ல நாம ஓட்டுப் போட்டு உக்கார வச்ச தலைவர், வார்டு மெம்பர் எல்லாருக்கும் 2025 சனவரி 5-ஓட காலம் முடிஞ்சுது. நாற்காலிக்குத் தனி அலுவலர் வந்தாரு. 2016-லயும் இதே கதைதான், மூணு வருசத்துக்கு மேல ஊருக்குத் தலைவர் இல்ல. புடிச்ச நடிகர் படம் ஒரு வாரம் தள்ளிப்போனா ஊரையே ரெண்டாக்குற பயலுக, உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனதுக்கு ஒரு ஸ்டேட்டஸாவது போட்டீகளா? 21 வயசு முடிஞ்சா ஓட்டுப் போடுறது என்ன, நீங்களே நிக்கலாம். அய்யய்யோ, இதை நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீக.

கடைசியா ஒண்ணு. இத்தனை பேரு வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு ஒரு தலைக்கணக்கு உண்டு. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைகளைக் கூட்டியாந்து, நோட்டுல கையெழுத்து வாங்கிக்கிட்டு, தீர்மானத்தைப் பொறவு எழுதிக்கிற ஊருக உண்டு. எந்த ஊருன்னு கேக்காதீக. இவ்வளவு சொல்லியும் மீறி வரத்தான் போறீகன்னா, ஒத்தையில வராதீக, பத்துப் பேரா வாங்க. பின்னால நிக்காம முன்னால உக்காருங்க. அந்தக் காலேஜ் பிள்ளையையும் கூட்டியாந்து நடுவுல உக்கார வையுங்க. தீர்மானத்தை எழுதி, சத்தமா வாசிச்சு முடிச்ச பொறவு கையெழுத்துப் போடுங்க.