டிஸ்கமோட் செய்வது எப்படி?

அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதையே ஆங்கிலத்தில், கௌரவம் குறையாமல் செய்ய ‘டிஸ்கமோட்’ என்ற வினைச்சொல் கைவசம் இருக்க வேண்டும். ஒருவரை அசௌகரியப்படுத்துவது என்று பொருள். ‘இன்கமோட்’ இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். வெள்ளைக்காரர்களே இரண்டையும் பரணில் போட்டுவிட்டார்கள். நமக்கு அதுதான் வசதி.

காதில் விழும் கமோட்டைக் கண்டு கூச வேண்டாம், சொந்தம்தான். ‘வசதியான’ என்ற பொருளுள்ள ஒரு லத்தீன் சொல் இரண்டுக்கும் மூதாதை. பிரெஞ்சுக்காரர்கள் இழுப்பறை வைத்த தாழ்வான அலமாரியைக் கமோட் என்றார்கள். பிற்பாடு கழிகலத்தை உள்ளே மறைத்துவைத்த நாற்காலிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘அக்காமடேஷன்’, ‘கமாடிட்டி’ எல்லாம் பங்காளிகள். ஆகவே டிஸ்கமோட் என்றால் ஒருவரைக் கமோட்டிலிருந்து எழுப்புவது என்று அர்த்தமில்லை. ஒரே ஒரு குளியலறை உள்ள வீட்டில் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் விருந்தாளி இரண்டையும் சேர்த்தே செய்கிறார். அது தனித் திறமை.

இலக்கணப்படி இது செயப்படுபொருள் குன்றா வினை. தனியாக உட்கார்ந்து டிஸ்கமோட் செய்ய முடியாது, மாட்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

ஆள் பிடிக்க லண்டன் சுரங்க ரயில் நிலையம் உத்தமம். அங்கே எஸ்கலேட்டரில் நிற்பவர்கள் வலப்பக்கம், நடப்பவர்கள் இடப்பக்கம். நீங்கள் பெட்டியோடு இடப்பக்கம் நில்லுங்கள். யாரும் கத்த மாட்டார்கள். முதலில் பின்னால் ஒரு செருமல். அடுத்து ‘எக்ஸ்கியூஸ் மீ’. கேட்க விண்ணப்பம் மாதிரி இருக்கும், உண்மையில் வசவு. மெல்லத் திரும்பி, “ஐ ஹோப் ஐ ஆம் நாட் டிஸ்கமோடிங் யூ” என்று சொல்லுங்கள். பெட்டியை மட்டும் நகர்த்தாதீர்கள். அவர் அர்த்தம் யோசித்து முடிப்பதற்குள் மேல்தளம் வந்துவிடும்.

ஹோபர்ன் நிலையம் மட்டும் வேண்டாம், ராசியில்லாத இடம். 2015-இல் அங்கே மூன்று வாரம், இரண்டு பக்கமும் நில்லுங்கள் என்று நிர்வாகமே பயணிகளைக் கேட்டுக்கொண்டது. உயரமான எஸ்கலேட்டரில் நடந்து ஏறுகிறவர்கள் குறைவு. இடப்பக்கம் பாதி காலியாகவே ஓடும். எல்லோரும் நின்றால் கூட்டம் சீக்கிரம் கரையும் என்ற கணக்கு சரியாகவே வந்தது. பயணிகள் பலருக்குக் கோபமும் வந்தது. நிர்வாகம் செய்தால் அதற்குப் பெயர் பரிசோதனை. நம் கலைக்கு அங்கே மதிப்பில்லை.

கடிதத்தில் எழுதும்போது ‘உங்களை டிஸ்கமோட் செய்யாது என்றால்’ என்று தொடங்குவதே மரபு. கட்டாயம் சிரமம் தரப்போகிற காரியத்துக்குத்தான் இந்தத் தொடக்கம்: குடும்பத்தோடு பத்து நாள் வந்து தங்குவது, ஜாமீன் கையெழுத்துக் கேட்பது.

டவுன் பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மட்டும் இந்தச் சொல்லை எடுக்காதீர்கள். கண்டக்டருக்கு இதைவிட நல்ல சொற்கள் தெரியும்.