கோப்புகளின் அபரக்கிரியை: ஒரு சிற்றாராய்ச்சி

அரசர்கள் பிறந்த நாளையும் பட்டமெய்திய ஆண்டையும் கல்வெட்டுகளைக் கொண்டு நிர்ணயிப்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட அறிஞர்கள் நம்மிடையே பலர் உளர். ஆயினும், அவ்வரசர்களின் ஸ்தானத்தில் இன்று வீற்றிருந்து நம்மை ஆண்டுவரும் காகிதங்கள் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வாறு மூப்பெய்துகின்றன, முக்கியமாக எவ்வாறு மரிக்கின்றன அல்லது மரிக்க மறுக்கின்றன என்பதைச் சாஸ்திரோக்தமாக விசாரித்தவர் அரியர். அக்குறையை ஒருவாறு நீக்கும் பொருட்டே இவ்வியாசம் எழுந்தது. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட க்ஷேத்திரம், முந்திய தலைமுறையார் கலெக்டர் கச்சேரி என்று அழைத்ததும் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எனப்படுவதுமான ஸ்தலம்.

அங்கே காகிதம் நடமாடும் முறை டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கிவருகிறது. ஆங்கிலேயர் போயினர், ஐ.சி.எஸ். என்னும் உத்தியோக வர்க்கமும் போயிற்று; முறை மட்டும் போகவில்லை. தபாலில் வந்த மனு பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, ந.க. (நடப்புக் கணக்கு) எண் என்னும் நாமகரணம் பெற்று, உதவியாளருடைய தன்பதிவேட்டில் குடிபுகுந்து, அங்கிருந்து கண்காணிப்பாளர் மேசைக்கும் அதற்கு மேற்பட்ட மேசைகளுக்கும் யாத்திரை போய், பல நினைவூட்டுகளைச் சுமந்து திரும்பி, இறுதியில் ஓர் உத்தரவோடு முடிவடைகிறது. மனிதனுக்கு ஆயுளைப் பிறக்கும்போதே தலையில் எழுதிவிடுகிறான் பிரமன் என்பர். கோப்புக்கோ அது முடிந்த பிறகுதான் ஆயுள் எழுதப்படுகிறது. ஆர்.டிஸ். என்று எழுதப்பட்டது சிரஞ்சீவி. டி.டிஸ். பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு பதிவறையில் வாசம் செய்யும். ஆட்சிமொழி தமிழான பின் இம்மூன்றும் முறையே ப.மு., மூ.மு., ஓ.மு. என வழங்கலாயின. என்.டிஸ். என்றொரு வகையும் உண்டு. வந்த காகிதத்தை வந்த இடத்துக்கே திருப்பியனுப்பிவிடுவது அது. எந்தச் சுமையையும் பின்வைக்காத இந்த ஞானநிலையை எய்தும் காகிதங்கள் சிலவே.

ஆயுளை எழுதும் அதிகாரம் நடைமுறையில் கோப்பை முடித்துவைக்கும் உதவியாளர் கையில் இருக்கிறது. அவர் கல்நெஞ்சர் அல்லர்; பயந்தவர். ஓராண்டில் போகவேண்டிய கோப்புக்கு மூன்றாண்டு எழுதினால் அவரை யாரும் கேட்கப்போவதில்லை. மூன்றாண்டு இருக்கவேண்டியதற்கு ஓராண்டு எழுதிவிட்டு, மூன்றாம் ஆண்டில் தணிக்கைக்காரர் வந்து அதையே கேட்டாரானால், உதவியாளருடைய ஓய்வூதியமே ஊசலாடும். ஆகவே மேசை விசிறிக்கு எண்ணெய் போட்ட செலவைப் பற்றிய கோப்பு பத்தாண்டு ஜீவிதம் பெறுகிறது. இதனை 'ஆயுள்விருத்தி நியாயம்' என்று பெயரிட்டு அழைக்கலாம். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் இந்நியாயத்துக்கு அரண் செய்கிறது: மத்திய அரசின் ஆவணங்களை விதிக்கு மாறாக அழிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது. வேண்டாத காகிதத்தை வைத்துக்கொண்டிருப்பதற்கு எந்தச் சட்டத்திலும் சிறை இல்லை. இவ்விரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கத் தெரிந்த எவரும் பத்தாண்டு என்றே எழுதுவர். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், யார் எப்போது எதைக் கேட்பாரோ என்ற புதிய அச்சமும் இதனோடு சேர்ந்துகொண்டது.

இனிப் பதிவறையைக் கூறுவாம். இது பெரும்பாலும் கட்டடத்தின் பின்புறத்தில், வேறெதற்கும் உதவாத அறையாக அமையும். துணியில் பொதிந்து நாடாவால் இறுக்கிய கட்டுகள் இரும்பு அலமாரிகளில் நிறைந்து, மேலே ஏறி, உத்தரத்தைத் தொட்டு, பிறகு தரையில் இறங்கி நடைபாதைக்கு வரும். எந்தக் கட்டு எங்கே என்பது பதிவேட்டில் ஒருவாறும் பதிவறை எழுத்தரின் ஞாபகத்தில் வேறொருவாறும் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் பின்னதே பிரமாணம் என்பது அனுபவஸ்தர் துணிபு. அவர் மாற்றலாகிப் போனால் பிரமாணமும் அவரோடு போய்விடும்.

இந்த இடத்தில் பூர்வபக்ஷம் ஒன்று எழும்: அழிக்கும் வேலையைக் கரையானிடமே விட்டுவிட்டால் என்ன? கரையானும் இராமபாணப் பூச்சியும் ஒழுகும் கூரையும் அரசிடம் சம்பளம் கேளாமல் இப்பணியை ஆற்றிவருவது உண்மையே. ஆனால் கரையானுக்கு வகுப்பு தெரியாது. நிலத்தின் உரிமையைச் சொல்லும் நிரந்தரக் கோப்பின் பழைய காகிதம் அதற்கு மிகவும் உவப்பானது. எட்டாத மேல்தட்டில் கிடக்கும் விசிறி எண்ணெய்க் கோப்பு பத்தாண்டையும் தாண்டி வாழ்கிறது. அழியவேண்டியது நிற்கிறது, நிற்கவேண்டியது அழிகிறது. ஆதலின் அப்பக்ஷம் நிராகரிக்கப்படுகிறது.

சித்தாந்தம் வருமாறு. கெடு முடிந்த கோப்பை அழிப்பதற்கு முதலில் கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் பொருளையும் எழுதிப் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் அதை அனுப்பி, இதில் எதுவும் வழக்கில் இல்லை, தணிக்கைத் தடையில் இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். எழுதிக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? ஆகவே நினைவூட்டு, மறு நினைவூட்டு. பிறகு மேலதிகாரியின் ஒப்புதல். பிறகு அழிக்கும்போது உடனிருக்க ஓர் அதிகாரி. பிறகு அழித்தாயிற்று என்னும் அறிக்கை. இவ்வளவையும் ஒரு புதிய கோப்பில்தான் நடத்த வேண்டும், அதற்கும் ந.க. எண் உண்டு, அது முடியும்போது அதற்கும் ஆயுள் எழுத வேண்டும், அந்த ஆயுளும் தீர்ந்த நாளில் அதை அழிக்க இன்னொரு கோப்பு திறக்க வேண்டும். காரணத்துக்குக் காரணம் தேடிப் போய் எங்கும் நிற்கமுடியாமற்போவதை நம்முடைய தார்க்கிகர் அநவஸ்தா தோஷம் என்று கண்டித்தனர். அதைக் குற்றமென்று கருதாமல் ஒரு ஸ்தாபனமாகவே அமைத்து, அதற்கு விடுமுறையும் பஞ்சப்படியும் கொடுத்து நடத்துவது அரசாங்கம் ஒன்றே.

இதற்கு மகுடம் வைத்தாற்போல, மத்திய அரசின் 1997-ஆம் ஆண்டுப் பொது ஆவண விதிகள், அழிக்கப்படும் ஆவணங்களின் பட்டியலை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பணிக்கின்றன. மூன்றாண்டே வாழ்ந்த கோப்பு இறக்கலாம். அது இறந்தது என்னும் வரி இறக்கக் கூடாது. விதி நியாயமானதே, பட்டியல் இல்லாவிட்டால், அழிந்தது எது, திருடுபோனது எது என்று பின்னால் யார் சொல்ல முடியும்? எனினும் கணிதப்படி பார்த்தால், ஆயிரம் அநித்தியங்களை அழிக்குந்தோறும் ஒரு நித்தியம் பிறக்கிறது.

முன்னோர் இத்தகைய சிக்கலில் அகப்பட்டவர் அல்லர். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுதல் ஒரு முறை. அக்கினியில் இடுதல் மற்றொன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையருக்கு, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்பது ஆகம விதியென்றும் அவ்வாறே செய்தாயிற்றென்றும் பதில் கிடைத்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்த ஹோமத்துக்குப் பட்டியல் இல்லை. எந்த நூல் அதில் போயிற்றென்று இன்று எவரும் சொல்ல இயலாது. அதை எண்ணும்போது, நினைவூட்டும் மறு நினைவூட்டுமாக இழுபடும் கச்சேரி முறையின்மேல் எனக்குள்ள ஏளனம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஏனெனில் காகிதத்தின் மதிப்பு அது முடியும் நாளில் தெரிவதில்லை. எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆங்கிலக் குறிப்புகள் 1670 தொடங்கி இருக்கின்றன. அவற்றை எழுதிய குமாஸ்தாக்கள் துணி விலையையும் மிளகு விலையையும் எழுதினார்களேயன்றிச் சரித்திரம் எழுதுவதாக நினைத்தவர்கள் அல்லர். 1892-க்கு முற்பட்ட எந்த ஆவணத்தையும், உருத்தெரியாமல் சிதைந்திருந்தாலன்றி, அழிக்கலாகாது என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பது இதனால்தான் போலும். 1891-இல் எவனோ ஒருவன் பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றி எழுதிய புகார், அச்சட்டத்தின் எல்லைக்குள் அகப்பட்டிருந்தால், அமரத்துவம் எய்திவிட்டது; 1893-இல் எழுதியவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

மின் அலுவலகம் வந்தபின் இவை யாவும் மறையும் என்பர் சிலர். மின்கோப்பையும் பாதுகாப்புக்காக அச்செடுத்துக் கட்டி வைப்பவர்கள் இருக்கும்வரையில், ஒரு கோப்புக்கு இரண்டு உடல்கள் கிடைத்திருக்கின்றன என்பதற்கு மேல் இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

இவ்வியாசத்தைப் பொறுத்தமட்டில் ஆசிரியர் தாமே ஓ.மு. என்று வகுத்திருக்கிறார். ஓராண்டு கழித்து வாசகர் இதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம். பட்டியல் எழுத வேண்டியதில்லை.