மகேந்திரவர்மனுக்கு ஒரு படி மேலே

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் மண்டகப்பட்டில் குடைவரைக் கோயில் கண்டவன் முதலாம் மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டில். அதே விழுப்புரம் மாவட்டத்தில் நாம் நடைபாதையே இல்லாமல் நடக்கிறோம்.

கல்லுக்கா பஞ்சம்? திண்டிவனம் வட்டாரத்துக் கருங்கல் கப்பலேறிப் போகிறது. உள்ளூரில் அபூர்வமாகக் கல் பாவினால் முகம் தெரியுமளவு பாலிஷ் போடுவார்கள், திறப்புவிழாப் படத்துக்காக. முதல் மழையிலேயே ஊன்றுகோல் வழுக்கும். கல்லிடுக்கில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிக்கி நிற்கும். தீச்சுடர் காட்டிச் சொரசொரப்பாக்கிய கல்லில் வழுக்கல் குறைவு; ஆனால் படத்தில் மின்னாதே!

சாய்தளத்துக்கு ஓரடி உயரமென்றால் 12 அடி நீளம் வேண்டும் என்பது விதிமுறை. மூன்றடியில் முடித்தால் அது சறுக்குமரம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். ஒப்பந்தக்காரரே, அடுத்த திறப்புவிழாவுக்குச் சக்கர நாற்காலியில் வாருங்கள், மழைநாளாகப் பார்த்து.