லுங்கி கட்டுனா லோடு வராதா மாப்ளே?

ஏம் மாப்ளே, மூஞ்சி இப்பிடித் தொங்கிக் கெடக்குது? ஓ... ஒரகடத்துல கம்பெனி கேட்டுலயே வண்டியத் தாட்டி உட்டுட்டாங்களா? டிரைவரு லுங்கியும் ரப்பர் செருப்புமா எறங்கி நின்னானாமா, செக்கூரிட்டி உள்ள உடமாட்டேன்னுட்டானாமா. அதுக்காக இப்ப மூணு வண்டி டிரைவருக்கும் நீலக் கலர் டீ சர்ட்டு, முதுகுல உன்ற டிரான்ஸ்போர்ட்டு பேரு, பாக்கெட்டுல உன்ற படம்... படம் வேண்டாமா? செரி, படத்த உடு. நல்ல ரோசனைதான். திருப்பூரு பக்கத்துல இருக்கறப்ப துணிக்கு நமக்கென்ன பஞ்சம்?

ஆனா, "டிரைவரு பளபளன்னு இருந்தா யாவாரம் பெருகுமா மாமா?"ன்னு கேட்டயே, அது எந்த லோடு, எந்த கேட்டுன்னு பாத்துச் சொல்ற சங்கதி. நாமக்கல்லுல முட்டை ஏத்தறவன் டிரைவரோட அங்கராக்கைப் பாக்கமாட்டான். கேரளாவுல எறக்கறப்ப எத்தன அட்டை நசுங்கிருக்குதுன்னுதான் பாப்பான். அவனுக்கு வேண்டியது பிரேக்கைப் பதனமா மிதிக்கற காலு. அந்தக் காலுக்கு மேல லுங்கி இருந்தா என்ன, பேண்ட்டு இருந்தா என்ன?

கேஸ் டேங்கரு ஓட்டறவன் கதை வேற. அவன் மூணு நாள் பயிற்சிக்குப் போயி, ஆபத்தான சரக்கு ஓட்டலாம்னு லைசென்ஸுல எழுதி வாங்கியிருக்கோணும். பிளாண்ட்டு கேட்டுல செல்போனு, தீப்பெட்டி அல்லாத்தையும் குடுத்துரோணும். சைலன்சருல ஸ்பார்க் அரெஸ்டரு மாட்டியிருக்குதான்னு குனிஞ்சு பாத்துட்டுத்தான் உள்ள உடுவாங்க. அங்க ஒருத்தன் பாக்கெட்டுல பீடிக்கட்டோட வந்து நின்னா, லோடு போறதப் பத்தி ஆரும் வெசனப்பட மாட்டாங்க. அவங்கவங்க உசுரப் பத்தித்தான் வெசனம்.

உன்ற ஒரகடத்துக்காரனும் அப்பிடித்தான். லுங்கிமேல அவனுக்கு ஒரு பகையும் இல்ல. உள்ளார ஃபோர்க்லிஃப்ட்டு குறுக்கும் நெடுக்கும் ஓடுது. ரப்பர் செருப்பு போட்ட காலுமேல அது ஏறிருச்சுன்னா கேட்டுல நின்னவன்ற வேலைதான் மொதல்ல போகும். ஷூ கேக்கறது அதுக்குத்தான். நீ டீ சர்ட்டு தெச்சுட்டு வாரே! மேல நீலச் சட்டை, கீழ அதே ரப்பர் செருப்பு. மறுக்காவும் திருப்பி உடுவான், பாத்துக்க.

2019-ல உத்தரப்பிரதேசத்துல ஒரு அக்கப்போரு நடந்துச்சே, கேட்டயா? லுங்கி பனியனோட லாரி ஓட்டுனா 2,000 ரூவா அபராதம்னு நாடு பூராப் பேச்சு. கடைசீல நிதின் கட்கரி ஆபீஸே, புது மோட்டார் வாகனச் சட்டத்துல அப்பிடியெல்லாம் அபராதம் இல்லைன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. லுங்கி மானம் தப்புச்சு. ஆனா கம்பெனி கேட்டுல நிக்கறவங்கிட்டப் போயி "கட்கரியே சொல்லிட்டாரு"ன்னா வழி உடுவானா மாப்ளே?

போச்சாது, அது கெடக்கட்டும். பாடி கட்டறப்ப வண்டிக்கு எத்தன செலவு பண்ணே? கண்ணாடிக்கு மேல ஆஞ்சநேயரு, பொறத்தாண்ட புள்ளைங்க பேரு ரெண்டும், பம்பருல கறுப்புக் குஞ்சம், சைடுல மயிலு. மயிலுக்கு மட்டும் ஏழு கலரு. நான் கூட கும்புட்டுட்டேன், எதோ தேருன்னு. வண்டியச் சுத்திச் சுத்திப் பாத்தேன், ஓட்டறவன் பேர மட்டும் எங்கயும் காணோம்.

அவன் ஏன் லுங்கியில இருக்கறான்னு என்னைக்காச்சும் அந்தக் கேபினுல ஒக்காந்து பாத்தியா? பக்கத்துலயே இஞ்சினு கொதிக்குது. 2025 அக்டோபரு 1-லிருந்து செய்யற பெரிய லாரிக்கெல்லாம் கேபினுல ஏசி இருக்கோணும்னு கவருமெண்டே சட்டம் போட்டிருச்சு. உன்றது 2016 மாடலு. அதுல ஏசின்னா கண்ணாடிய எறக்கி உட்டுக்கறதுதான். சித்தரை வெயில்ல அதுக்குள்ள நீ பேண்ட்டும் ஷூவுமா சேலம் வரைக்கும் போயிட்டு வா, அப்பறம் யூனிஃபார்ம் பேசலாம்.

இதே பைபாஸுல ஒருத்தன் ஓட்டறான், பேரு எதுக்கு. அவனும் லுங்கிதான். ஆனா சீட்டுக்குப் பொறத்தாண்ட ஆணியில, பிளாஸ்டிக் கவருக்குள்ள, தேச்ச சட்டை பேண்ட்டு ஒரு செட்டுத் தொங்கும். ஷூ சீட்டுக்கடியில. கம்பெனிக்கு ரெண்டு மைலு இருக்கறப்பவே எங்கயாச்சும் மோட்டாரு ஓடற எடமாப் பாத்து நிறுத்தி, குளிச்சு, துந்நூறு பூசி, மாத்திக்குவான். எல்ஆருங்கற லாரி ரசீது, இன்வாய்ஸு, இ-வே பில்லு மூணும் ஒரு பைலுல. கேட்டுல அவன் பைலை நீட்டறப்பவே செக்கூரிட்டி "வாங்கண்ணே"ம்பான். எறக்கறதுக்கு முந்தி தார்ப்பாய அவனே அவுத்து, மூட்டை நனையாம இருக்கறதச் சூப்பர்வைசருக்குக் காட்டிருவான். அவன் கொண்டாற எல்ஆருல "ரெண்டு மூட்டை ஈரம்"னு எவனும் கிறுக்கியிருக்க மாட்டான்.

அதுலதான் மாப்ளே காசு இருக்குது. அட்வான்ஸ் போக பாக்கி வாடகை உனக்கு எப்ப வருது? டிரைவரு கையெழுத்து வாங்குன எல்ஆரு, லோடு குடுத்த டிரான்ஸ்போர்ட்டு ஆபீசுக்குப் போனாத்தான். கிறுக்கல் இருந்தா ஆபீசுக்காரன் புடிச்சுக்கிட்டுத்தான் குடுப்பான். அடுத்த லோடு வாரப்ப புரோக்கரு ஆருக்கு மொதல்ல போன் போடுவான்? மயிலு இருக்கற வண்டிக்கா?

இ-வே பில்லையும் பாரு. மொதல்ல ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டரு வரைக்குந்தான் அது செல்லும்னு இருந்துச்சு. 2021-லிருந்து எரநூறு. வழில பஞ்சரு, மழை, கேட்டுல ரெண்டு நாள் வரிசைன்னு எதாச்சும் ஆனா, பில்லு முடியறதுக்கு முன்னயோ பின்னயோ எட்டு மணி நேரத்துக்குள்ள நீட்டிக்கோணும். வெவரமான டிரைவரு சாயங்காலமே கூப்புட்டு, "ராத்திரியோட பில்லு முடியுதுங்க"ம்பான். உன்ற டிரைவரும் போன மாசம் கூப்புட்டானாமா. நீ எதோ நோம்பிச் சோறு தின்னுட்டு போனை சைலண்டுல போட்டுத் தூங்கிட்டயாமா. ஆரு சொன்னதா? டீக்கடைல ஒக்காந்திருக்கறவனுக்கு ஆரு சொல்லோணும்?

எடை எச்சா ஏத்தச் சொல்றது நீ. மாட்டுனா 20,000 ரூவா, போக டன்னுக்கு 2,000. ஆனா ஆபீசரு முன்னால கையக் கட்டிட்டுத் திட்டு வாங்கறது அவன். அங்க அவன் பவ்யமா நிக்கோணும், கம்பெனில இங்கிலீசு பேசோணும், ஊட்டுக்கு வந்தா உன்ற படிக்காகத் தவங்கெடக்கோணும்.

செரி, யூனிஃபார்ம் தெயி, வேண்டாங்கல. ஒண்ணு தெய்க்காத, ரெண்டு தெயி. ஒண்ணு அழுக்கானா இன்னொண்ணு வேணுமல்ல. ஷூவும் வாங்கு. சைஸ் என்னங்கறே? என்னையக் கேக்கறே! வண்டி டயரு சைஸக் கேட்டா தூக்கத்துல எழுப்புனாக்கூட 295/90 ஆர் 20-ம்பே. நாலு வருசமா ஓட்டறவன் கால் சைஸ் தெரியல.

இப்பவே போன் போட்டுக் கேளு. எடுக்கலயா? எடுக்கமாட்டான், போன டிரிப்புப் படி பாக்கி இருக்குதல்ல. மொதல்ல அதை ஜிபேயில போட்டு உடு. மணிச் சத்தம் கேட்டா அவனே கூப்புடுவான்.